எட்டாம் பக்கத்தில் வருந்தியவர்

எங்கள் வார இதழில் வாசகர்கள் முதலில் திருப்பும் பக்கம் எட்டாம் பக்கம். முதல் பக்கத்தில் யாராவது ஒரு பிரமுகர் ரிப்பன் வெட்டிக்கொண்டிருப்பார். அதை அவரும் அவர் மனைவியும் பார்ப்பார்கள். எட்டாம் பக்கத்தின் கீழ்மூலையில், கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களை ஒட்டி, ஒரு சிறிய கட்டம் இருக்கும். எல்லா வாரமும் அதற்கு ஒரே தலைப்பு: "வருந்துகிறோம்." அதை ஆசிரியர் தம் கையாலேயே எழுதுவார். இதழ் முழுவதையும் பக்கம் கட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், எங்களிடம் இருந்த ஒரே நல்ல எழுத்து அதுதான்.

மாதிரிக்கு ஒன்று: "கிள்ளான் வட்டாரத்துக் கோயில் தலைவர் ஒருவர், அன்னதானத்துக்கு வந்த அரிசி மூட்டைகளை இரவோடு இரவாகத் தம் மருமகனின் உணவகத்துக்கு லோரியில் ஏற்றி அனுப்பினார் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். ஏற்றி அனுப்பியது இரவில் அல்ல, பட்டப்பகலில் என்று அவர் விளக்கம் அளித்துள்ளார். பிழைக்கு வருந்துகிறோம்."

இந்தக் கட்டத்தைப் படித்துவிட்டுத்தான் கோயில் தலைவர் சமாதானமானார். அதை வெட்டிப் பெரிதாக்கி நிர்வாகக் கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுத்தார் என்றும் கேள்விப்பட்டேன். பத்திரிகையே தன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதே!

அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், பூமாலைக் கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. மோனோரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும். அந்த நேரத்தில் ஆசிரியர் பேச்சை நிறுத்தமாட்டார். குரலை உயர்த்தவும் மாட்டார். முக்கியமான விஷயங்களை ரயில் போகும்போதுதான் சொல்வார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சம்பள உயர்வு பற்றி அவர் சொன்னது எதுவும் என் காதில் விழுந்ததில்லை.

வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, ஒன்று வருந்த என்று எங்கள் லாயர் சொல்வார். அவருடைய தொழில்முறை மிக எளிமையானது. காதில் விழுந்ததை எழுதுவார். சம்பந்தப்பட்டவர் மாடிப்படியேறி வந்து கத்துவார். அவருக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வரவழைத்துக் கொடுப்பார். அடுத்த வாரம் வருந்துவார். எழுதுவதற்கு முன் யாரையும் அழைத்து "இது உண்மையா?" என்று கேட்டதில்லை. அலுவலகத் தொலைபேசி மதியச் சாப்பாடு சொல்லத்தான் பயன்பட்டது.

"கேட்டுட்டு எழுதுனா, இல்லன்னுதான் சொல்லுவான். அப்புறம் நம்ம பேப்பர்ல என்னத்தப் போடறது? வெள்ளையா விடறதா?" என்பார்.

"தப்பா இருந்தா, பாஸ்?"

"அதுக்குத்தானம்மா எட்டாம் பக்கம்."

லாயர் என்று சொன்னேனே, அவர் எஸ்தர். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த மெதடிஸ்ட் குடும்பத்துப் பெண். அவருடைய அப்பாவும் ஆசிரியரும் ஒரே காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் சைக்கிள் ஓட்டியவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, கட்டணம் இல்லாமல் எங்கள் பக்கங்களைப் படித்துத் தருவார். சிவப்பு மையோடு வருவார், தலைவலியோடு போவார்.

"அங்கிள், இதுக்குப் பேரு மன்னிப்பா? அதே அவதூற முழுசா திரும்ப அச்சடிச்சிருக்கீங்க. போன வாரம் படிக்காதவனும் இந்த வாரம் படிச்சிருப்பான்."

"எதுக்கு வருத்தப்படறோம்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா லாயரம்மா?"

"ஒவ்வொரு தடவ அச்சடிக்கறப்பவும் அவங்க புதுசா ஒரு கேஸ் போடலாம் அங்கிள். அதுவும் இல்லாம, மன்னிப்பு கேட்டா கேஸ் போயிடும்னு யார் சொன்னா? நஷ்டஈட்டக் கொஞ்சம் கொறைப்பாங்க, அவ்வளவுதான். அது தற்காப்பு கெடையாது."

"கேஸ் போட மாட்டாங்க லாயரம்மா. போட்டா, அரிசி எங்கேன்னு ஜட்ஜ் கேப்பாருல்ல?"

இதில் ஆசிரியர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. நம் தலைவர்களுக்கு மன்னிப்பு வேண்டும், விசாரணை வேண்டாம். இந்த ஒரு தத்துவத்தின் மேல்தான் எங்கள் இதழ் பல ஆண்டுகள் நடந்தது.

பெயர் போடாமல் எழுதினால் எந்தச் சட்டமும் தொடாது என்பது அவருடைய இன்னொரு நம்பிக்கை. ஒருமுறை, பெரிய மீசையும் வெள்ளைக் காரும் மேடையில் அழும் பழக்கமும் உள்ள ஒரு தலைவர், சங்கத் தேர்தலில் இறந்துபோனவர்களின் பெயரில் வாக்குப் போட வைத்தார் என்று எழுதினார். இதழ் வெளிவந்த மறுநாளே ஒருவர் மாடியேறி வந்தார்.

"என்னயத்தானய்யா எழுதியிருக்க?"

"ஒங்க பேரு எங்க தலைவரே இருக்கு?"

"மேடையில அழறவன்னு போட்டிருக்கியே! ஊருல வேற எவன் அழறான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தது. இரண்டாமவர் மூச்சு வாங்க உள்ளே வந்து, முதலாமவரைப் பார்த்து, அவர் மீசையையும் பார்த்தார். மூன்றாமவர் வந்தபோது எங்களிடம் நாற்காலி இல்லை. மூவருக்கும் தே தாரேக் வந்தது. குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கிப் போனார்கள்.

அந்த வாரத்துக் கட்டம்: "சங்கத் தேர்தல் பற்றிய செய்தி தங்களையே குறிக்கிறது என்று மூவர் தெரிவித்துள்ளனர். நாங்கள் ஒருவரைப் பற்றித்தான் எழுதினோம். மற்ற இருவரிடமும் வருந்துகிறோம்."

எஸ்தர் அதைப் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெயர் தேவையில்லை, தெரிந்தவர்கள் படித்து இன்னார் என்று அடையாளம் கண்டால் போதும், அதுவே அவதூறு என்று விளக்கினார். அடுத்த வாரத்திலிருந்து ஆசிரியர் எல்லாவற்றுக்கும் மேலே "எங்கள் கருத்து" என்று தலைப்புப் போடத் தொடங்கினார். நியாயமான கருத்து என்று ஒரு தற்காப்பு இருப்பதாக எஸ்தர் ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தார்.

"அங்கிள், கருத்துன்னா அதுக்கு அடியில ஒரு உண்மை இருக்கணும். 'எங்கள் கருத்துப்படி அவர் ரெண்டு கல்யாணம் பண்ணியிருக்கிறார்'னு எழுதுனா அது கருத்தாயிடுமா?"

"மூணுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நான் கொறைச்சுத்தானம்மா போட்டேன்."

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அலுவலகத்தில் நிறையவே சிரித்திருக்கிறோம். ஒரு தடவை மட்டும் யாரும் சிரிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒரு பெண்ணின் கடையில், களிம்பு பூசி ஒரு கல்யாணப் பெண்ணின் முகம் வெந்துபோனதாக எழுதிவிட்டார். கடை வேறு, தெருவும் வேறு. வழக்கம்போல் வருந்தினார். அந்த முறை சம்பந்தப்பட்டவர் வந்து கத்தவில்லை. அதுவே அவருக்கு என்னவோ போலிருக்க, தாமாகவே கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. அந்தப் பெண் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கம்மா. பேப்பர்லயும் போட்டுட்டேன்," என்றார் ஆசிரியர்.

"பார்த்தேன் அங்கிள். மொத செய்தியப் படிச்சவங்க எல்லாரும் அதையும் படிச்சாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சில மாதங்களில் அந்த இடத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வந்தது. அந்தக் கடைப்பக்கம் போக வேண்டியிருந்தால் ஆசிரியர் எதிர்ச்சாரியில் நடப்பார். ஆனால் அதோடு தொழில்முறையை மாற்றிக்கொண்டார் என்று நான் எழுதினால் அது என் கருத்து மட்டுமே. அடியில் உண்மை எதுவும் இல்லை.

பிறகுதான் கிள்ளான் விஷயம் வந்தது.

வசந்தி என்ற பெண் கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து வந்து எங்கள் மாடியேறினார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. இல்லத்தை நடத்தியவர் ஒரு சமூக நலத் தலைவர். மேடைகளில் அவரைக் கருணை வள்ளல் என்பார்கள். மாலைச் சாப்பாடு முடிந்ததும் முதியவர்களை அறைகளில் விட்டு வெளியே பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்றார் வசந்தி. காலையில்தான் திறப்பார்களாம். நன்கொடையாளர்கள் கேமராவோடு வரும் நாள்களில் மட்டும் பூட்டுகள் காணாமல் போகும். ஏதாவது தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு வசந்தியை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தோடு நன்கொடையாளராக அங்கே போனார். அவர் தாமாக எழுந்து போய் ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு வந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. ஒரு முதியவர் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கதவ மட்டும் பூட்ட வேணாம்னு சொல்லுங்க தம்பி" என்றாராம். அறுபதைத் தாண்டியவரை யாரோ தம்பி என்றது அவரை என்னவோ செய்துவிட்டது. அறைக்கதவுகளின் வெளிப்பக்கம் கொண்டிகளையும் பார்த்திருக்கிறார்.

செய்தியை முதல் பக்கத்தில் போடச் சொன்னார். பெயரோடு. கேலி இல்லாமல். "எங்கள் கருத்து" என்ற தலைப்பும் இல்லை.

"தலைவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமா பாஸ்?" என்றேன்.

"அவரே போடுவாரும்மா. எப்பவும் நடக்கறதுதான?"

தலைவர் போன் போடவில்லை. மாடியேறியும் வரவில்லை. தே தாரேக் எவருக்கும் வரவழைக்க வேண்டியிருக்கவில்லை. ஷா ஆலமிலிருந்து ஒரு பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தின் நோட்டீஸ் வந்தது. கூடவே ஒரு மன்னிப்பும் தயாராக எழுதி அனுப்பியிருந்தார்கள். அதை அப்படியே முதல் பக்கத்தில் போட்டுக் கையெழுத்திட்டால் வழக்குக் கிடையாது, செலவும் கேட்கமாட்டார்கள். "வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு சமையல் பணியாளர் பழிவாங்கும் நோக்கத்தோடு இட்டுக்கட்டிய பொய்யை நம்பி..." என்று அது தொடங்கியது.

ஆசிரியர் முதலில் எழுத்தாளராகத்தான் காயப்பட்டார். "நடையே இல்லையேம்மா. யாரு எழுதுனா இத?" என்றார். பிறகு மறுபடி படித்தார். அப்புறம் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

எஸ்தர் வந்தார். அன்றைக்கு அவர் கையில் சிவப்பு மை இல்லை.

"போட்டுடுங்க அங்கிள். நீங்க கேக்காத மன்னிப்பா?"

"உண்மைன்னா தப்பிச்சுக்கலாம்னு நீதான சொன்ன?"

"உண்மைதான் எல்லாத்துலயும் பெரிய தற்காப்பு. ஆனா அத நீங்கதான் நிரூபிக்கணும். பொய்ன்னு அவர் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்ல. யாரு வந்து சாட்சி சொல்லுவா? வசந்தியோட வீட்டுக்காரர் தலைவரோட தம்பிக்கு லோரி ஓட்டறாரு. அவங்க வரமாட்டாங்க, போன்ல அழுதாங்க. அந்தத் தாத்தாவுக்கு ஞாபகம் போயிடுச்சுன்னு இல்லத்துக்காரங்களே சர்டிபிகேட் காட்டறாங்க. கொண்டியெல்லாம் இந்நேரம் கழட்டியிருப்பாங்க."

"வேற வழி இல்லையா?"

"ஒண்ணு இருக்கு," என்றார் எஸ்தர். "பொதுமக்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம், நீங்க பொறுப்பா விசாரிச்சு எழுதியிருந்தா, நிரூபிக்க முடியலன்னாலும் கோர்ட்டு காப்பாத்தும். இதுக்குன்னே செஞ்ச மாதிரி தற்காப்பு அங்கிள். ஆனா மொதல்ல ஒண்ணு கேப்பாங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னால அவர்கிட்ட விளக்கம் கேட்டீங்களா?"

மோனோரயில் போய்க்கொண்டிருந்தது. ஆசிரியர் அன்று எதுவும் பேசவில்லை.

"ஒரு போன் அங்கிள். அவரு எடுக்காம இருந்திருந்தாக்கூடப் போதும்."

வாழ்நாளில் ஒரு தடவையாவது கேட்டிருந்தால் அந்தப் பழக்கம் அன்றைக்கு உதவியிருக்கும். அவரிடம் இருந்ததெல்லாம் பிறகு வருந்தும் பழக்கம் மட்டுமே. சட்டத்தில் அதற்குப் பெரிய விலை இல்லை.

இந்த நிலையில் சாலாக் செலாத்தானில் இருந்த அவருடைய வீடும் இந்த இதழும்தான் பணயம். அவர் செய்ய வேண்டியது ஒரு கையெழுத்து. அவருக்கு அது கைவந்த கலை. வீட்டில் அவர் மனைவியும் அதைத்தான் சொன்னார்: "ஊருல மீச வச்சவன்கிட்டெல்லாம் சாரி சொன்ன மனுஷன், இந்த ஒருத்தன்கிட்ட சொன்னா என்னவாம்?"

வசந்திக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. மறுபடி ரயிலேறி வந்தார். இந்த முறை உட்காரவே இல்லை.

"போட்டுருங்கண்ணே. என்னால ஒங்களுக்கு எதுக்குக் கஷ்டம்? என் பேருகூடப் போடலதான?"

எந்தச் செய்திக்கும் பெயர் போடவில்லை என்ற சாக்கைச் சொல்லிவந்தவர், அன்றைக்கு அதை ஏற்கவில்லை.

"சமையல் பணியாளர்னு போட்டிருக்கு. கிள்ளான்ல யாருன்னு எல்லாருக்கும் தெரியுமேம்மா. நாளைக்கு ஒனக்கு எவன் வேல குடுப்பான்?"

"பழகிடும்ணே."

"நீ சொன்னது பொய்யா?"

"இல்லண்ணே."

"அப்ப நான் எப்படிப் போடறது?"

ஆசிரியர் எழுந்து நின்றார். விருந்தாளி நிற்கும்போது தாம் உட்கார்ந்திருப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்ததுபோல. "ஒங்கிட்டத்தாம்மா நான் மன்னிப்பு கேக்கணும். ஒரு போன் போட்டுட்டு எழுதியிருக்கணும். நான் போடல," என்றார். எட்டாம் பக்கத்தில் அவர் வருந்திய எதிலும் இவ்வளவு சுருக்கமான வாசகம் இல்லை. அரிசியும் இல்லை, மீசையும் இல்லை.

வழக்கு ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. தலைவர் ஒவ்வொரு நாளும் நெற்றி நிறைய விபூதியோடு, இரண்டு முதியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். இல்லத்தில் வசதி எப்படி என்று நடைபாதையில் யார் கேட்டாலும், அவர்கள் வாயைத் திறப்பதற்குள் தலைவரே சொல்லிவிடுவார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எங்கள் பழைய இதழ்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் எட்டாம் பக்கங்கள். கூண்டில் நின்ற ஆசிரியரை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். அரிசி மூட்டை, மூன்று மீசை, ரெண்டு கல்யாணம். மொழிபெயர்ப்பாளர் அத்தனையையும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் மலாயில் சொன்னார். பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். நீதிபதிகூடச் சிறிது நேரம் தலையைக் குனிந்துகொண்டார். மணப்பெண் அலங்காரக் கடை வந்தபோது மட்டும் ஆசிரியர் வாசிக்க முடியாமல் நிறுத்தி, தண்ணீர் கேட்டார்.

"இத்தனை முறை தவறாக எழுதியதாக நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஒன்றை மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறீர்கள்?" என்று கேட்டார் வழக்கறிஞர்.

"அதெல்லாம் தப்பு. அதான் மன்னிப்பு கேட்டேன். இது தப்பு இல்லீங்க."

"எப்படித் தெரியும்?"

முதியவர் சட்டையைப் பிடித்ததைச் சொல்லத் தொடங்கினார். எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபித்தது. சொன்னவர் நேரில் வந்து சொல்லாததைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார்கள். ஆசிரியர் தம் சட்டையின் முன்பக்கத்தைக் கையால் பிடித்தபடி கூண்டில் நின்றார். அதை யாரும் குறிப்பில் எழுதிக்கொள்ளவில்லை.

தீர்ப்பு எஸ்தர் சொன்னபடியே வந்தது. விஷயம் பொதுநலன் சார்ந்தது என்று நீதிபதி ஏற்றார். ஆனால் செய்தி உண்மையென நிரூபிக்கப்படவில்லை. வெளியிடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்கும் சிறு முயற்சிகூடச் செய்யப்படவில்லை. ஆகவே பொறுப்பான பத்திரிகைக்குரிய பாதுகாப்பும் இல்லை. நியாயமான தீர்ப்புத்தான். அதைப் படிக்கும் எவரும் குறை சொல்ல முடியாது. நஷ்டஈட்டுக்கும் வழக்குச் செலவுக்கும் சாலாக் செலாத்தான் வீடு போதுமாக இருந்தது. இதழ் அந்த வாரமே நின்றது.

வெளியே வந்தபோது தலைவர் எங்களுக்காகக் காத்திருந்தார். சுற்றிலும் ஆட்கள், மாலை, கைப்பேசிக் கேமராக்கள். பெருந்தன்மையோடு கை நீட்டினார்.

"ஒரு சாரி சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்லா. என்னமோ போங்க. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல."

ஆசிரியர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"அத விடுங்க தலைவரே. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எழுதறதுக்கு முன்னாலேயே கேட்டிருக்கணும், என் தப்பு. ராத்திரியில அந்தக் கதவுங்கள இப்ப பூட்டறீங்களா, இல்லையா?"

எஸ்தர் அவர் முழங்கையைத் தொட்டார். இழுக்கவில்லை. தலைவர் சிரிப்பை மாற்றாமல் தம் வழக்கறிஞரைப் பார்த்தார். பிறகு கேமராக்களைப் பார்த்தார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். கைத்தாங்கலாக வந்திருந்த முதியவர்களில் ஒருவர் திரும்பி எங்களைப் பார்த்தார். அவரையும் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள்.

"எழுதிக்கம்மா," என்றார் ஆசிரியர் என்னிடம்.

போடுவதற்கு அன்று இதழ் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: இது குறித்துத் தலைவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவர் பதில் எதுவும் கூறவில்லை.